எங்கள் சங்கங்கள் ஒரே குரலில் பேசவேண்டிய நேரம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நாம் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எழுதுவோம். சோற்றைக் குறையுங்கள், தினமும் அரைமணி நேரம் நடவுங்கள், மருந்தை நேரத்துக்கு எடுங்கள் என்று சொல்வோம். இந்த இதழில் சற்று வேறான ஒரு விடயத்தை எழுத விரும்புகிறோம். ஆனாலும் இதுவும் உடல்நலம் பற்றியதுதான்.

எமது கிளினிக்குக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த ஓர் அம்மா. வயது எண்பதை நெருங்குகிறது. வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் அவரால் மீண்டும் தனியாக நடமாட முடியவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில்தான் சேர்க்கவேண்டும் என்றாயிற்று. வீட்டுக்குக் கிட்ட, தமிழ் பேசும் ஊழியர்கள் சிலராவது உள்ள இல்லங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். கடைசியில் நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஓர் இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளோம்.)

ஆறு கிழமை கழித்து மகள் எம்மிடம் வந்தார். "டொக்டர், அம்மா 'தண்ணி, தண்ணி' எண்டு கேட்டிருக்கிறா. அங்கை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. சாப்பாட்டை மறுக்கிறா எண்டு எழுதி வைச்சிருக்கினம். அவ மறுக்கேல்லை, அந்தச் சாப்பாடு அவவுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. இரவிலை நோவிலை கத்தினால் குழப்பம் செய்யிறா எண்டு எழுதியிருக்கினம். நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ?"

எழுதிக் கொடுத்தோம். பதில் மரியாதையாக வந்தது. "உங்கள் கவலையை விளங்கிக்கொள்கிறோம், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அந்த வருடம் அதே மாதிரியான மூன்றாவது கடிதம் அது. அன்றுதான் எமக்கு ஒன்று உறைத்தது. ஒரு வைத்தியர், ஒரு நோயாளிக்காக, ஒரு இல்லத்துக்கு எழுதும் கடிதம் அது. ஆனால் அந்த அம்மாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு சட்டம். சட்டத்துக்குக் கடிதம் எழுதித் தீர்வு காணமுடியாது. சட்டம் இயற்றுவோரிடம்தான் பேசவேண்டும். அங்கே தனி ஒருவரின் குரல் எடுபடாது.

அந்தச் சட்டம் என்ன?

ஒன்ராறியோ மாகாண சட்டசபை 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஏழாம் இலக்கச் சட்டமூலம் என்று அதைச் சொல்வார்கள். வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று வைத்தியர் தீர்மானித்த ஒருவருக்கு, அவருடைய சம்மதம் இல்லாமலேயே பராமரிப்பு இல்லம் ஒன்றைத் தெரிவுசெய்ய இது இடமளிக்கிறது. தென் ஒன்ராறியோவில் அவர் விரும்பிய இடத்திலிருந்து 70 கிலோமீற்றர் வரையும், வடக்கில் 150 கிலோமீற்றர் வரையும் அந்த இல்லம் இருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் போக மறுத்து வைத்தியசாலையிலேயே தங்கினால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். இது 2022 நவம்பர் 20 முதல் நடைமுறையில் உள்ளது.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகப் படுக்கைக்குக் காத்திருப்பவர்களை நாமும் பார்க்கிறோம். அவர்களிலும் எமது ஆட்கள் இருக்கிறார்கள். கட்டில்கள் வேண்டும்தான். ஆனால் மொழி தெரியாத இடத்தில் ஒரு முதியவரை விடுவது வேறு எவருக்கும் இல்லாத ஒரு தண்டனையை அவருக்கு மட்டும் கொடுப்பதாகும். ஆங்கிலம் பேசும் ஒருவருக்கு 40 கிலோமீற்றர் என்பது தூரம் மட்டுமே. எங்கள் அம்மாவுக்கு அது தண்ணீர் கேட்கவும் முடியாத இடம். மறதிநோய் உள்ளவர்கள் பிற்காலத்தில் படித்த மொழியை முதலில் இழந்து, தாய்மொழிக்குத் திரும்புவதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். நாற்பது வருடம் இங்கே வேலைசெய்து ஆங்கிலம் பேசியவருக்கும் நாளைக்கு இந்த நிலை வரலாம். எமக்கும் வரலாம்.

எங்களிடம் இல்லாதது எது?

அமைப்புகள் இல்லை என்று சொல்லமுடியாது. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் சங்கங்கள், கோயில்கள், தேவாலயங்கள், மகளிர் அமைப்புகள், தமிழ்ப் பள்ளிகள், தொழில்சார் கழகங்கள் என்று ரொறன்ரோவிலும் சுற்றாடலிலும் எத்தனையோ இருக்கின்றன. ஒரே கிராமத்துக்கு இரண்டு சங்கம் இருப்பதும் உண்டு! வருடாந்தப் பொதுக்கூட்டம், ஒன்றுகூடல், விளையாட்டுப் போட்டி, இராப்போசன விருந்து எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. ஊரிலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கட்டிக் கொடுக்கிறோம். நடைபவனி வைத்து இங்குள்ள வைத்தியசாலைகளுக்கு நிதி சேர்த்துக் கொடுக்கிறோம். இவற்றையிட்டு நாம் பெருமைப்படலாம்.

ஆனால் விழாவுக்கு வரும் பாராளுமன்ற உறுப்பினரை என்ன செய்கிறோம்? மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றவைத்து, படம் எடுத்து அனுப்பி விடுகிறோம். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. ஒருவர் மண்டபத்துக்கு வாடகைக் கழிவு கேட்பார். இன்னொருவர் மைதானம் கேட்பார். மூன்றாமவர் விசா விடயமாக ஒரு உதவி கேட்பார். கேட்பவருக்கு அவரவர் தேவை பெரிதுதான். கேட்கப்படுபவரோ இவர்களுக்குப் பொதுவான கோரிக்கை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

2012இல் நடந்தது

ஒன்றுகூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதை எமது தொழிலிலேயே பார்த்திருக்கிறோம்.

1990இல் நாம் அகதியாக இந்த நாட்டில் வந்திறங்கியபோது கையில் இருந்தது ஒரு தாள். அதைக் காட்டினால் வைத்தியரைப் பார்க்கலாம், மருந்து எடுக்கலாம். எமது தந்தையாருக்குக் கடுமையான ஆஸ்துமா. முதல் குளிர்காலத்தில் அந்தத் தாள் இல்லாதிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம். அகதிகளுக்கான அந்த இடைக்கால சுகாதாரத் திட்டத்துக்கு 1957ஆம் ஆண்டு அமைச்சரவை ஆணை ஒன்று அடிப்படையாக இருந்தது. எங்களில் பலர், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அந்தத் தாளால் வாழ்ந்தவர்கள்தான். 2010 ஓகஸ்ட்டில் 'சன் சீ' கப்பலில் வந்த 492 பேரும் அதை நம்பித்தான் இருந்தார்கள்.

2012 ஏப்ரலில் அன்றைய மத்திய அரசு இத்திட்டத்தை வெட்டுவதாக அறிவித்தது. யூன் 30இல் வெட்டு நடைமுறைக்கு வந்தது. அகதிக் கோரிக்கை செய்த பெரும்பாலானோருக்கு மருந்துச் செலவு நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய நோய்களுக்கு மட்டும் மருந்து கிடைக்கும். நீரிழிவு தொற்றாது. ஆகவே இன்சுலின் கிடைக்காது! பாதுகாப்பானவை என்று அரசு குறித்த நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கும், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் வைத்தியரைப் பார்க்கும் செலவுகூட இல்லை என்றாயிற்று.

அந்நாட்களில் நாமும் எமது சக வைத்தியர்களும் மாதிரி மருந்துகளைச் சேர்த்து வைத்துக் கொடுத்துப் பார்த்தோம். அது எத்தனை நாளைக்குக் காணும்?

அப்போது நடந்ததுதான் முக்கியம். வைத்தியர்கள் 'அகதிகள் பராமரிப்புக்கான கனடிய வைத்தியர்கள்' என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். கனடிய மருத்துவச் சங்கம், தாதியர் சங்கம், மருந்தாளர், பல்வைத்தியர், சமூகப் பணியாளர் சங்கங்கள் என்று வழக்கமாகத் தத்தம் சம்பளத்துக்கும் உரிமைக்கும் பேசும் அமைப்புகள் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டன. யூன் 18ஆம் திகதி நாடெங்கும் வெள்ளை மேலங்கியுடன் வைத்தியர்கள் வீதிக்கு வந்தார்கள். அடுத்த வருடங்களிலும் வந்தார்கள். அகதிகள் வழக்கறிஞர் சங்கமும் சிறுவர் நீதிக்கான சட்ட உதவி நிலையம் ஒன்றும் அவர்களுடன் சேர்ந்து நீதிமன்றம் போயின.

2014 யூலை 4ஆம் திகதி மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டேவிஷ், அந்த வெட்டு கொடூரமானதும் வழமைக்கு மாறானதுமான நடத்துகை என்றும், உரிமைச் சாசனத்தை மீறுகிறது என்றும் தீர்ப்பளித்தார். அதற்கிடையில் ஒன்ராறியோ மாகாணம் 2014 ஜனவரியில் தனது செலவில் தற்காலிகத் திட்டம் ஒன்றை ஆரம்பித்திருந்தது. ஆட்சி மாறிய பின், 2016 ஏப்ரல் 1 முதல் திட்டம் முழுமையாக மீண்டும் வந்தது. நான்கு வருடம் எடுத்தது. ஆனால் வந்தது.

அதில் ஒரு வருத்தமும் எமக்கு உண்டு. அந்த நான்கு வருடத்தில் எமது சமூகத்தின் வைத்தியர்களும் தாதியரும் தனித்தனியாக ஊர்வலங்களில் நின்றார்கள். அந்தத் திட்டத்தால் உயிர் தப்பிய எமது சங்கங்கள் சங்கங்களாக நின்றதை நாம் அதிகம் காணவில்லை. "அது இப்ப வாறவையின்ரை பிரச்சினை" என்று ஒரு நிர்வாகசபை உறுப்பினர் எம்மிடமே சொன்னார். அவரும் 1980களில் அதே தாளுடன் வந்தவர்தான்.

இந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. 2025 நவம்பரில் வெளியான மத்திய வரவுசெலவுத் திட்டம், இதே சுகாதாரத் திட்டத்தில் மருந்து, பல், கண் போன்ற துணைச் சேவைகளுக்கு நோயாளியும் ஒரு பங்கைச் செலுத்தும் முறையை 2026இல் கொண்டுவருவதாக அறிவித்தது. 2012இன் வெட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் கையில் காசில்லாமல் வந்திறங்கியவருக்குச் சிறிய பங்கும் மருந்தைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

அயல்வீட்டாரிடம் கற்கலாம்

1979இல் தேசியத் தொலைக்காட்சி ஒன்று, பல்கலைக்கழக இடங்களை வெளிநாட்டு மாணவர்கள் பறிப்பதாக ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் காட்டப்பட்ட சீன முகங்கள் பல கனடாவிலேயே வாழ்பவர்களுடையவை. அதுவரை குடும்பப் பெயர்ச் சங்கம், ஊர்ச் சங்கம், வர்த்தகர் சங்கம் என்று பிரிந்திருந்த சீனச் சமூகம் ஒன்று சேர்ந்தது. பல நகரங்களில் குழுக்கள் அமைந்தன. 1980இல் தொலைக்காட்சி நிலையம் மன்னிப்புக் கேட்டது. அத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே ஆண்டு தேசிய அளவில் ஒரு பேரவையை அமைத்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜோசப் வோங் என்ற குடும்ப வைத்தியர். சீன முதியவர்கள் பராமரிப்பு இல்லங்களில் மொழி தெரியாமல், உணவு ஒவ்வாமல் வாடுவதைக் கண்டு, சமூகத்தைத் திரட்டி, அரசின் அனுமதியையும் நிதியையும் பெற உழைத்தார். 1994இல் ஸ்காபரோவில் 90 கட்டில்களுடன் யீ ஹொங் நிலையம் திறந்தது. இன்று நான்கு நிலையங்கள் இருக்கின்றன. பணம் மட்டும் இருந்திருந்தால் கட்டிடம்தான் எழும்பியிருக்கும். கட்டில்களுக்கான உரிமத்தையும் நாளாந்தச் செலவையும் மாகாண அரசுதான் கொடுக்கவேண்டும். அதற்கு ஒன்றுபட்ட குரல் வேண்டியிருந்தது.

"சங்கம் அரசியல் பேசலாமோ?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். பயப்படுவதற்கு முன்பு காரணம் இருந்தது. 2012இல் தொண்டு நிறுவனங்களின் அரசியல் நடவடிக்கைகளைக் கணக்காய்வு செய்யவென்று வருமானவரித் திணைக்களத்துக்குத் தனியாக நிதி ஒதுக்கப்பட்டது. பல நிறுவனங்கள் வாயை மூடிக்கொண்டன. வறுமை ஒழிப்புக்காக வேலைசெய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று நீதிமன்றம் போய், 2018 யூலையில் வென்றது. அதே வருடம் டிசம்பரில் வருமானவரிச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பதிவுசெய்யப்பட்ட தொண்டு நிறுவனம் ஒன்று தனது நோக்கத்துக்கு உட்பட்ட அரச கொள்கைகள் பற்றிப் பேசலாம், எழுதலாம், மக்களைத் திரட்டலாம். இதற்கு முன்பிருந்த பத்து வீத உச்சவரம்பு இப்போது இல்லை.

ஒரேயொரு கோடு மட்டும் உண்டு. எந்தக் கட்சியையோ வேட்பாளரையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. "பராமரிப்பு இல்லங்களில் தமிழ் பேசும் ஊழியர் வேண்டும்" என்று சொல்லலாம். "இதைச் செய்யாதவருக்கு வாக்களிக்காதீர்கள்" என்று தொண்டு நிறுவனம் சொல்லக்கூடாது. தொண்டு நிறுவனமாகப் பதியாத சங்கங்களுக்கு இந்த வரிச்சட்ட விதி இல்லை. ஆனாலும் கூட்டில் இருக்கும்போது எல்லோரும் இதே கோட்டில் நிற்பதுதான் நல்லது.

என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு பேரவையைத் தொடங்கி, அதற்குத் தலைவர், உபதலைவர், காப்பாளர் தெரிவுசெய்து, ஆறுமாதத்தில் இரண்டாக உடைவதை நாம் விரும்பவில்லை. அதைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். 2009இற்குப் பின் எமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகள் ஆழமானவை என்பதும் தெரியும். அவற்றை மறக்கும்படி யாரிடமும் கேட்கவில்லை. ஊர் அரசியலில் ஒத்துப்போகாத இருவர், தங்கள் தாய்மாருக்குத் தமிழில் பராமரிப்பு வேண்டும் என்பதில் ஒத்துப்போக முடியாதா?

எமது யோசனை இதுதான். ஐந்தாறு சங்கங்கள் முதலில் சேரட்டும். ஒவ்வொரு சங்கமும் தன் பெயரையும் கொடியையும் வைத்துக்கொள்ளட்டும். ஒரு சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. ஒரு பக்கத்தில் எழுதிய ஓர் இணக்கம். வருடத்துக்கு ஒரு கோரிக்கை, கூடினால் இரண்டு. எல்லாச் சங்கமும் சம்மதித்ததை மட்டும் கூட்டின் பெயரில் பேசவேண்டும்.

அடுத்தது ஆதாரம். கண்ணீர்க் கதை ஒன்று கதவைத் திறக்கும், ஆனால் கதிரையில் இருத்தாது. எத்தனை தமிழ் முதியவர்கள் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் மொழி தெரியாத இல்லங்களில் இருக்கிறார்கள் என்று நாமே கணக்கெடுக்கவேண்டும். சங்கங்களின் அங்கத்தவர் பட்டியல் அதற்கு உதவும். அமைச்சிடம் உள்ள தகவலைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் ஐந்து டொலர். பராமரிப்பு இல்லங்களில் வேலைசெய்யும் எமது பெண்கள் நிறையப் பேர். அவர்கள் காண்பதை எழுதி வாங்கலாம், பெயரும் அடையாளமும் இல்லாமல். வைத்தியர்களாகிய நாம் எமது பங்கைச் செய்வோம்.

பின்னர் அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டும். மாகாண, மத்திய நிதிக் குழுக்கள் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னர் பொதுமக்களிடமும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்கின்றன. பத்துச் சங்கங்கள் கையொப்பமிட்ட ஓர் அறிக்கையை அங்கே வைக்கலாம். சீன, பஞ்சாபி, சோமாலிய அமைப்புகளோடு சேர்ந்து வைத்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய அம்மாமாருக்கும் இதே பிரச்சினைதான்.

இதனால் உடனே எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஏழாம் இலக்கச் சட்டமூலத்துக்கு எதிராக ஒன்ராறியோ சுகாதாரக் கூட்டமைப்பும் முதியோருக்கான சட்ட உதவி நிலையமும் தொடுத்த வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. கூட்டாகப் பேசுபவர்களும் தோற்பதுண்டு. ஆனால் சட்டம் முழுவதையும் நீக்க முடியாவிட்டாலும் அதற்குள் ஒரு விதியைக் கேட்கலாம். ஆங்கிலம் பேசமுடியாத ஒருவருக்கு இல்லம் தெரிவுசெய்யும்போது, அவருடைய மொழியைப் பேசும் ஊழியர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் உரைபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்யவேண்டும். இவ்வளவுதான் எமது முதலாவது கோரிக்கையாக இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

அன்பான வாசகர்களே, உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் 'வேறு விடயங்கள்' என்று ஒரு வரி கடைசியில் இருக்கும். பெரும்பாலானோர் அதற்குள் எழும்பிப் போய்விடுவார்கள். தயவுசெய்து அன்று இருந்து, கையை உயர்த்தி, இந்தக் கூட்டில் எமது சங்கமும் சேருமா என்று கேளுங்கள். ஒரு பிரதிநிதியின் பெயரைத் தெரிவுசெய்து இந்தச் செய்திமடலின் ஆசிரியர் குழுவுக்கு அறிவியுங்கள். முதல் கூட்டத்துக்கு எமது கிளினிக்கின் காத்திருப்பு அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுகிறோம். தேநீரும் எமது பொறுப்பு. சீனி மட்டும் போடமாட்டோம்.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். பதினொரு மாதத்தின் பின் கிட்டவுள்ள இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே இரவு வேலைக்கு வரும் பிள்ளை ஒருத்தி தமிழ். "அம்மா, தண்ணி வேணுமோ?" என்று அவள் கேட்ட முதல் நாள் அம்மா அழுதாராம். மகள்தான் சொன்னார். அது பட்டியலில் அவருடைய முறை வந்ததால் கிடைத்தது, எமது கடிதத்தால் அல்ல. அடுத்த அம்மாவுக்கு அது சட்டத்தால் கிடைக்கவேண்டும்.